வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு ரேம்

ஜூன் 10, செவ்வாய்
போடியில் காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஏலக்காய்க் கடைக் கணக்கு பாதியில். லேப்டாப் அவ்வளவு மந்தம். வெள்ளிக்கிழமை வீடியோவிலும் இதே தொல்லை. குவைத்தில் வேலை பார்க்கும் சுகந்திக்கு அன்றுதான் லீவு; மத்தியானம் ஆஸ்டலில் தட்டோடு உட்கார்வாள், நான் இங்கே. புருசன் பொண்டாட்டி சேர்ந்து சாப்பிடுவது இப்படித்தான். அவள் வாய் திறந்தபடி படம் நின்றுவிடும். செல்போனில் முகம் விரலளவு.

தேனி சர்வீஸ் சென்டருக்குப் போன். எடுத்தவர் நிதானமான மனிதர்.

"ரேம் கூட்டுனா சரியாயிரும்ணே. இந்த மாடலுக்கு நீங்களே போட்டாலும் வாரன்டி போகாது. ஆனா கழட்டயில ஏதாச்சும் ஒடைஞ்சா அது ஒங்க செலவு. பழைய ரேமைத் தூரப் போட்டுறாதீக."

அங்கே கொடுத்தால் ஒரு வாரம் ஆகுமாம். வெள்ளி போய்விடும். நானே போடுவதாக முடிவு.

ஜூன் 12, வியாழன்
ரேம் வந்தது. ஸ்க்ரூ எல்லாம் கிண்ணத்தில். அடி மூடி லேசில் வரவில்லை. நெம்பினேன். ஓரத்தில் ஒரு கிளிப் முறிந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் 'மெதுவா' என்றிருப்பார்கள். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, பழையதைக் கழற்றி, புதியதை டக்கென்று உட்கார வைத்தேன்.

ஓடுகிறது! வேகமாக ஓடுகிறது! சொல்ல ஆள் இல்லை. சுகந்திக்கு டியூட்டி.

ஜூன் 13, வெள்ளி
காலையில் திறந்தால் திரை முழுக்கப் பச்சைக் கோடு. நான்தான் கெடுத்துவிட்டேன்.

தேனி பஸ். பழைய ரேம் சட்டைப் பையில். போனில் பேசிய அதே மனிதர். அடி மூடியைத் தடவிப் பார்த்தார்.

"கிளிப்பை ஒடைச்சிருக்கீக."

"ஆமா, நான்தான் கழட்டுனேன்."

பழைய ரேமைப் போட்டுப் பார்த்தார். கோடு அப்படியே.

"டிஸ்ப்ளேயில கோளாறு. நீங்க செஞ்சதில்ல. வாரன்டியில மாத்திரலாம். மூடிக்கு மட்டும் காசு."

நிம்மதி. ஆனால் திரை வரும்வரை லேப்டாப் இங்கேயே.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சுகந்தி போன். "ஏங்க, இங்க வேலையில இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாக. சம்பளமும் கூடும். கையெழுத்துப் போடட்டுமா?"

"ஒன் இஷ்டம்" என்றேன். வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 17, செவ்வாய்
சமைக்கவில்லை. பரோட்டா. கடைக்காரர், "வீட்டுல எப்பண்ணே வர்றாக?"

"வருவாக."

கைலியில் சால்னா கறை. ஊறப்போட வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி
லேப்டாப் வந்தாயிற்று. புதுத் திரை, புது மூடி. சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். கூப்பிட்டேன். படம் பளிச்சென்று இருந்தது. சுகந்தியின் கண்ணுக்கடியில் கருப்பு, நெற்றியோரம் நரை. இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

அவள் முந்திக்கொண்டாள். "என்ன இப்படி எளைச்சிட்டீக?"

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல. நீங்க என் மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு வச்சிருக்கேன்."

"வந்துரு சுகந்தி."

"அப்ப செப்டம்பரோட இந்தக் காண்ட்ராக்டை முடிச்சுக்கிறேன்" என்றாள்.

இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம்.