ஞாயிற்றுக்கிழமை நான்தான் நரி

ஆசை அண்ணிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலையே வெடித்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நரி வேட்டை. நரி நான்தான்! எனக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வந்துவிட்டது அண்ணி. மோர்ஸ் தந்திப் பரீட்சையிலும் தேறிவிட்டேன். அண்ணனிடம் காட்டுவதற்கு முன்னால் உங்கள் படத்துக்குக் கீழேதான் கொண்டுபோய் வைத்தேன்.

பத்திரிகையில் இதைப் படிக்கிற மற்றவர்கள் பயந்துவிடப் போகிறார்கள். துப்பாக்கியும் கிடையாது, நிஜ நரியும் கிடையாது. வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் ரேடியோ நண்பர்களில் ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரோடு எங்கேயாவது ஒளிந்துகொண்டு அவ்வப்போது சிக்னல் அனுப்புவார். அவர்தான் நரி. மற்றவர்கள் காரில் தேடிக்கொண்டு போக வேண்டும். முதலில் கண்டுபிடிக்கிறவருக்குக் கோப்பை, பரிசு என்று எதுவும் இல்லை. அடுத்த வேட்டையில் ஒளிந்துகொள்ளும் உரிமை கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த உரிமை மேல் உங்களுக்குத்தான் எவ்வளவு ஆசை! "ஒரு தடவையாவது நான் ஒளிஞ்சிக்கணும் விஜி. இந்த வேலூர்காருங்க நாக்கு தள்ளத் தள்ள என்னைத் தேடணும்" என்பீர்கள். பின்னே, நாம் இரண்டு பேரும் காரில் ஏறுவதைப் பார்த்துவிட்டு "இதான் சாப்பாட்டு வண்டியா?" என்று கேட்டவர்களாயிற்றே.

கடைசி வேட்டையன்று நம் ஊரிலிருந்து செங்கம் ரோட்டில் கிளம்பினோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் உங்கள் கையிலிருந்த ஆன்டெனா வளையத்தை ஏதோ பூஜை சாமான் என்று நினைத்துக் கும்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் சிரிக்காமல் ஆசீர்வாதம் செய்தீர்கள். அந்தத் தைரியம் எனக்கு இன்றும் வராது.

அந்த வளையம் ஒரு பொல்லாத சாமான். மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் அடங்கிப்போகும். வளையம் அப்போது பார்க்கிற நேர்கோட்டில்தான் நரி இருக்கும். ஆனால் கோட்டுக்கு இந்த முனையிலா, அந்த முனையிலா என்று அது சொல்லாது. அதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

மலைக்குப் பின்பக்கம் போனால் தெளியும் என்று நான்கு கார்களிலும் அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கோட்டின் ஒரு முனை மலையைத் தாண்டிக் கிழக்கே போனது. இன்னொன்று மேற்கே, நாம் வந்த செங்கம் ரோட்டுப் பக்கம். இவ்வளவு பெரிய மலை குறுக்கே நின்றால் சிக்னல் இத்தனை தெளிவாகவா கேட்கும்? செங்கம் ரோடுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நீங்களும்தான். மற்ற மூன்று கார்களும் புழுதி பறக்கத் திரும்பின.

நம் டாக்ஸி மட்டும் நகரவில்லை.

"பாய், வண்டியத் திருப்புங்க!" என்று கத்தினீர்கள்.

டிரைவர் காதர் பாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "திருப்ப மாட்டம்மா. மலைய இடது கைப்பக்கம் வெச்சிக்கினு இந்த வண்டி போனதே கெடையாது."

"நீங்க எப்ப பாய் கிரிவலம் போனீங்க?"

"நான் தொழுவுறது மசூதிலதாம்மா. ஆனா என் வண்டி பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்திதான் எங்க வூட்ல சோறு வேவுது. சுத்தறத முழுசா சுத்திட்டு, அப்பறம் எங்க சொன்னாலும் போறேன்."

அன்று உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அண்ணி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "போச்சு. எல்லாம் போச்சு. ஓட்டுங்க" என்றீர்கள். எனக்கும் அழுகைதான் வந்தது, பாய் மேல் கோபம் கோபமாகவும் வந்தது. மலையைச் சுற்றி, ஊருக்குள் புகுந்து, மறுபடி செங்கம் ரோட்டுக்குப் போவதற்குள் வேட்டையே முடிந்துவிடும்.

ஆனால் வடக்குப் பக்கம் வளைந்து ஊரை நெருங்கும்போது நான்தான் முதலில் கவனித்தேன். "அண்ணி, சத்தம் கம்மியாவல. ஜாஸ்தியாவுது!"

நீங்கள் வளையத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய வேகத்தில் சைக்கிள்காரர் ஒருவர் தப்பித்தது பெரிய விஷயம். கோடு பளிச்சென்று கிழக்கே காட்டியது. மலை நம் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது! "பாய், கீழ்பென்னாத்தூர் ரோடு! மிதிங்க!" என்று கூவினீர்கள். பாய் மிதித்த மிதியில் அந்தக் கிழ அம்பாசடர் என்னமாய்ப் பறந்தது! எதிரே வந்த வேர்க்கடலை லாரிக்காரன் திட்டியதுகூட நமக்கு வாழ்த்து மாதிரிதான் கேட்டது.

கடலை மில்லுக்குப் பின்னால், கொடியில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொடிதான் ஆன்டெனா. மூட்டைகளுக்கு நடுவில் அன்றைய நரியான வேலூர் டாக்டர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று எச்சில் கையோடு எழுந்து நின்றார். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தீர்கள். காதர் பாய் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதே உங்களுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் தோன்றிவிட்டது. எங்கே என்று எவ்வளவு கெஞ்சினேன்! "நாத்தனார்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும், போடி" என்று சிரித்தீர்கள். அந்த ஐப்பசியிலேயே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டு போய்விட்டது. எந்த இடம் அண்ணி அது?

அதற்குப் பிறகு யாரும் வேட்டை வைக்கவில்லை. உங்கள் முறையை எடுத்துக்கொண்டு ஒளிந்துகொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கு லைசென்ஸ் வந்த செய்தி கேட்டு டாக்டர்தான் டிரங்க் கால் போட்டார். "அவங்க முறை அப்படியே நிக்குதும்மா. நீ ஒளியறியா?" என்றார். போனிலேயே அழுதுவிட்டேன்.

நீங்கள் நினைத்திருந்த இடம் எனக்குத் தெரியாது. நான் ஓர் இடம் பார்த்துவிட்டேன். இது அச்சாகி வருவதற்குள் வேட்டை முடிந்திருக்கும், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். நம் வீடுதான். உங்கள் அறை, உங்கள் ரேடியோ செட், மொட்டை மாடியில் உங்கள் ஆன்டெனா. எல்லோருக்கும் தெரிந்த வீடு. ஆனால் நீங்கள் போன பிறகு அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. இனி வராது என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அதனால் வாசலைத் தாண்டித் தாண்டிப் போவார்கள், பாருங்கள்! அண்ணனிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். துணியை எடுத்து அவரே செட்டைத் துடைத்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கண்டுபிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, அன்றோடு நிறுத்த மாட்டேன். தினமும் சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவேன் அண்ணி. அந்த அறையை இனி சும்மா இருக்க விட மாட்டேன்.

உங்களிடம் வம்பு பண்ணத் தெரியாமல் போன
உங்கள் நாத்தனார்,
விஜி