சிவப்புப் பொட்டு வைத்த காளான்கள்

ஐப்பசி, செவ்வாய் இரவு. சங்கரன்கோவில்.

புளியங்குடி மலையடிவாரக் காட்டில், காளான் விளைச்சலைக் கணக்கிட நான் கயிறு கட்டி வைத்த இடத்தில் இன்று ஒன்றுகூட இல்லை. எத்தனை விரிகிறது என்று பார்க்க, நேற்றுதான் மொட்டுகளுக்கெல்லாம் என் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன்.

"பன்னி தின்னுருக்கும் மேடம்," என்றார் வழிகாட்ட வரும் செல்வராஜ் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்றி கிளறினால் மண் சிதறிக் கிடக்கும். இங்கே குழிகளை மூடிச் சருகு பரப்பியிருந்தது. அடுத்த வருஷமும் முளைக்கட்டும் என்று, பிடுங்குகிறவர்கள்தான் அப்படி மூடுவார்கள். குறிப்பேட்டைத் திறந்தேன். காலி என்று எழுதினால், இந்தச் சரிவில் இனி காளானே வராது என்றல்லவா எங்கள் ஆய்வின் கணிப்பு சொல்லும்?

வீட்டில் காளான் குழம்பு. ருசியில் மறுசோறும் வாங்கினேன். அப்புறம்தான் ஏது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ காட்டுக்குப் போன பொறவு செல்வராஜ் வீட்டுல குடுத்துவிட்டாவ மக்கா. எல்லாத்துலயும் செவப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. சீவிப் போட்டுட்டேன்."

நாளைக்கும் அவரோடுதான் போக வேண்டும். பன்றி தின்றது என்று எழுதினால் அதில் நானும் சேர்த்தி.