அப்பாவின் மழைக்கோட்டில் ஒரு குளம்

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். மழைக்கோட்டைத் தேட வேண்டாம், நான்தான் எடுத்துப் போகிறேன். நூலகத்தில் நடக்கும் தண்ணீர் வகுப்பில் இன்று அதுதான் நம் ஊர். கவிழ்த்த கிண்ணங்களின் மேல் விரித்துத் தண்ணீர் தெளித்தால், எந்தத் தெரு மழை எந்தக் குளத்துக்குப் போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

நேற்று வீட்டில் அதை விரித்துப் பார்த்தபோது, நம் பைக் பட்டறையாக ஒரு தீப்பெட்டியையும் வைத்ததும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தெந்த நாட்டு ஆறோ தெரியுது, நம்ம தெருத் தண்ணி எங்க ஓடுதுன்னு தெரியல! நம்ம வாசல் எண்ணெயெல்லாம் பள்ளிக்கூடக் குளத்துக்குத்தான்டி போகுது" என்று கத்திவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டீர்கள். நான் வேறு பக்கம் சரிவு வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடியே மாற்றிவிட்டேன்.

காலையில் கடைக்குப் போகும்போது பட்டறையை எட்டிப் பார்த்தேன். கழிவு எண்ணெய்க்கென்று மூடி போட்ட டின் ஒன்று புதிதாக நிற்கிறது. எனக்கு அதுவே போதும்.

வகுப்பு நாலு மணிக்கு.

பி.கு. பட்டறைக்காக வைத்த தீப்பெட்டியை மேசையில் விட்டுப் போகிறேன். வைப்பதானால் நீங்களே வகுப்புக்கு வந்து, டின்னைப் பற்றியும் சொல்லிவிட்டு வையுங்கள். அதுவரை அந்த இடம் காலி மனை.