சாயங்காலம் எடுத்த அளவு

மார்ச் 4, செவ்வாய்

நகர மையச் சந்தையை மேம்படுத்தும் பொறுப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. பொறுப்பு அதிகாரியுடையது; மேசை மட்டும் என்னுடையது. நகராட்சியில் பத்தொன்பது வருடம் படம் வரைந்ததில் இந்த வித்தியாசம் நன்றாகப் பழகிவிட்டது.

கூட்டத்தில் அதிகாரி சொன்னார்: "அந்தக் கடைக்காரங்ககிட்ட ஒரு ஒழுங்கே இல்லைய்யா. காலையில ஒரு பக்கம் உக்கார்றாங்க, மத்தியானம் எதிர்ப்பக்கம் உக்கார்றாங்க." எல்லோரும் தலையாட்டினோம். எதற்காக அப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். என் அக்கா அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கீரை விற்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

தெருவை அளந்து முடித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். பகல் வெயிலில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? எல்லோரும் மூட்டை கட்டிப் போயிருந்தார்கள். அளக்க அவ்வளவு வசதி. சந்தையே இல்லாதபோது சந்தையை ஒழுங்குபடுத்துவது ரொம்பச் சுலபம்.

மார்ச் 11, செவ்வாய்

நாற்பது கடைகள். மேற்கு ஓரமாக ஒரே வரிசை, சிமெண்டில் பதித்த இரும்புக் கால்கள், வளைந்த உயரமான கூரை. ஏன் மேற்கு ஓரம்? அங்கேதான் பின்னால் மணிக்கூண்டு வருகிறது, போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அதிகாரி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெளிநாடு மாதிரி இருக்குய்யா" என்றார். எந்த நாடு என்று சொல்லவில்லை. அவரும் போனதில்லை, நானும் போனதில்லை.

ஒன்றாம் எண் கடையை அக்காவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தம்பி என்று ஒருவன் இருந்து இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஜூன் 2, திங்கள்

திறப்பு விழா. சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்தார்கள். பெரிய மனிதர்களுக்கு வெயில் ஆகாது. ரிப்பன், கைதட்டல், மைக்கில் கரகரப்பு. அக்கா தன் புதுக் கடையைத் துடைத்துக்கொண்டே பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரிடம், "என் தம்பி வரைஞ்சது" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 3, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே கீரை சுருண்டுவிட்டதாம். கூரை இருக்கிறது, நிழலும் விழத்தான் செய்கிறது — கடைக்குப் பின்னால், சாக்கடை மேல். சாக்கடை குளுகுளுவென்று இருப்பதாகப் பூட்டுக்காரர் போனில் தகவல் சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

நேரில் போனேன். அக்கா தலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். "தண்ணி தெளிச்சுப் பாரேன்க்கா" என்றேன். பத்தொன்பது வருட அனுபவம் பேசுகிறது.

"ஏன்டா, நாங்க தினமும் மத்தியானம் மூட்டையைத் தூக்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் போறது எதுக்குன்னு நினைச்சே? உடம்பு இளைக்கவா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுலதானே சாப்பிடறே."

காலையில் கிழக்கு ஓரத்துக் கட்டடங்கள் நிழல் தருகின்றன, மத்தியானத்துக்கு மேல் மேற்கு ஓரத்துக் கட்டடங்கள். சந்தை நிழலோடு தெருவைத் தாண்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் மேற்கு ஓரத்தில் ஆணியடித்து வைத்துவிட்டேன். படத்தின் மூலையில் திசைகாட்டும் அம்பு மட்டும் கொள்ளை அழகாகப் போட்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

அக்கா இன்று என்னை "சார்" என்றாள். "என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க சார். பின்னாடி ஆள் நிக்குது."

பின்னால் யாருமே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு இல்லை. "சார் வெயில்ல வந்து சிரமப்பட வேணாம்" என்று என் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மனைவி, "நல்லா வேணும்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

முதலில் அக்கா போனாள். பின்னாலேயே எல்லோரும் பழையபடி தெருத் தரைக்குத் திரும்பிவிட்டார்கள். நாற்பது கடையும் காலி. வெளிநாட்டில் இப்போது இரண்டு நாய்கள் குடியிருக்கின்றன.

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு செஞ்சு கொடுத்தும் தெருவுல உக்காந்தா அது ஆக்கிரமிப்புய்யா." யார் யார் எங்கே ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று நான் படம் வரைந்து தர வேண்டுமாம். ஒன்றாம் தேதி முதல் சாமான்கள் பறிமுதல். கடை உரிமமும் ரத்து. பட்டியலில் முதல் ஆள் அக்கா.

உரிமம் போச்சுன்னா அவ எங்க போவா? இருபத்திரண்டு வருஷம். நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

ஜூன் 24, செவ்வாய்

இன்று பகலில் அளந்தேன். எட்டு மணி, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஐந்து தடவை, ஐந்து படம். பிடரி வெந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தேன். பூட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "எதுக்கு சார் நிழலைச் சுத்திக் கோடு போடறீங்க?" என்றார்.

நான் நிழலைப் பார்க்கவே இல்லை. ஆக்கிரமிப்பைத்தான் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கோடு.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஐந்து படத்தோடு ஒரு குறிப்பும் வைத்தேன். "சந்தையினர் ஆக்கிரமிக்கவில்லை; நிழலில் அமர்ந்திருக்கிறார்கள். முதல் அளவை மாலை ஆறு மணிக்கு எடுத்தவன் நான். தவறு என்னுடையது." கையெழுத்துப் போட்டேன். தபால் பிரிவில் எண் போட்டுவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனேன். எண் விழுந்த காகிதத்தைக் கிழிக்க முடியாது. பத்தொன்பது வருடத்தில் கற்ற ஒரே உருப்படியான வித்தை.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "இதை உங்ககிட்ட யாருய்யா கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. இந்த ஆபீசில் யாரும் எதையும் கேட்பதில்லை, அதுதானே பிரச்சினையே — என்று சொல்ல நினைத்தேன். "யாரும் கேக்கல சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

பறிமுதலும் உரிம ரத்தும் நிறுத்தி வைக்கப்பட்டன. எனக்கு மாற்றல், மயானப் பதிவேடுகள் பிரிவுக்கு. அங்கே யாரும் மத்தியானம் எதிர்ப்பக்கம் நகர்வதில்லையாம்.

ஜூலை 21, திங்கள்

நகராட்சியின் புதுத் திட்டம்: "நகரும் சந்தை". அதிகாரிக்கே உதித்த யோசனை என்று பலகை சொல்கிறது. சந்தை தோன்றிய நாளிலிருந்து நடப்பதை இன்று ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்தார். இந்த முறையும் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான். என் நாற்பது கடைகளும் இனி ஸ்கூட்டர் நிறுத்துமிடம். ஸ்கூட்டர் வாடாது.

ஆகஸ்ட் 2, சனி

அரை நாள் வேலை. பன்னிரண்டுக்குச் சந்தை வழியாக வந்தேன். எல்லோரும் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கீரைப் பலகையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போகத் தைரியம் இல்லை. மயானப் பிரிவுக்காரன், அக்கா கொடுத்த 'சார்' பட்டத்தோடு கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"டேய், மரம் மாதிரி நிக்காதே. அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். என்ன கனம்! இருபத்திரண்டு வருடமாகத் தினமும் இதைத் தூக்கியிருக்கிறாள். நடுத்தெருவில் எனக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியது. வியர்வை என்று நினைத்திருப்பாள்.

பலகையை மேற்கு ஓரத்து நிழலில், ஸ்கூட்டர்களுக்கு முன்னால் இறக்கினோம். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்துடு. ஆறு மணிக்கு வந்து காலிப் பாத்திரத்தை அளந்துட்டுப் போகாதே."