போத்தல் அறைக்குக் குடிபோனது

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். இரண்டு தடவை கூட்டியும் பிரயோசனமில்லை.

கணவர் நஸீர் இறந்து, இத்தா இருக்கத் தொடங்கி இரண்டு மாதம் முடிந்தது. இன்னும் இரண்டு மாதமும் பத்து நாளும். வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை, வெள்ளைச் சேலை. அவருக்காக இருக்கிறேன், மனமொப்பித்தான் இருக்கிறேன். அதில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

எடுக்கிறார்கள். காலையில் பாண் வாங்கக் கேற்றடி வரை போனேன். அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டு சாதிக் மச்சான், அவருடைய தம்பி, தன் மனைவி ரிஸானாவிடம் சொல்லியனுப்பிவிட்டார். பாண்காரனும் ஆம்பிளைதானாம். இத்தா என்றால் இத்தாவாம்.

வேண்டியது: மெழுகு. அழியாத கறுப்புப் பேனை. லேபல் தாள்.

ஜூலை 9, புதன்

மாதிரிப் போத்தல்களில் பழைய லேபல் எல்லாம் மங்கிவிட்டது. புதிதாக 17 எழுதினேன். பாடசாலை அதிபர் போன் எடுத்தார். ஆய்வுகூடம் திருத்தி முடிய ஒரு மாதம், பிறகு வான் அனுப்பிப் போத்தல்களை எடுப்பாராம். நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த பெண்கள் பாடசாலை. வேறெங்கே கொடுப்பேன்.

கணக்கு: சிப்பி, சங்கு 13. நண்டு 9. கடல் அட்டை 5. இறால் 4. நட்சத்திரம் 4. கடல் முள்ளி 3. கணவாய் 3. கடற்சொறி 2. கடற்பஞ்சு 2. பெயர் தெரியாத புழு 1. மொத்தம் 46. ஒன்றுக்கும் முதுகெலும்பு கிடையாது.

எல்லாம் அவர் வலையில் வந்தவை. மற்றவர்கள் கரையில் உதறிவிட்டுப் போவதை இவர் சாரத்தில் முடிந்துகொண்டு வருவார். "இந்தா, உன்ட மீன்." நட்சத்திரமும் மீன், சொறியும் மீன். இருபது வருடம் சொல்லிக்கொடுத்தும் திருந்தாத ஒரே மாணவன்.

47வது போத்தல் வெறும் போத்தல். கடல் முயலுக்கு. அது ஒரு நத்தை இனம், ஓடு வெளியே தெரியாது, தொட்டால் ஊதா மை கக்கும். களப்புப் பாசிக்குள் கிடக்கு, கொண்டு வாறன் என்றார். அதற்குள் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

ரிஸானா வந்து கதையைச் சுற்றி வளைத்தாள். நாளை ஜும்மா முடிந்து சாதிக் இரண்டு பேரோடு வந்து போத்தல் அறையைக் காலி செய்யப் போகிறாராம். படகு எஞ்சினும் வலையும் வைக்க இடம் வேண்டுமாம். போத்தல்களை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"பின்வளவில கிடங்கு வெட்டிப் புதைக்கப் போறாங்க ராத்தா."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வலை வைக்கக் கட்டிய அறை, ஓம். மறுக்கவில்லை. ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியனுப்பினேன். பதில் உடனே வந்தது: எஞ்சினுக்குள் மணல் போகுது, பொறுக்க ஏலாது, செத்ததுகளை அடுக்கி வைத்த வீடு உருப்படாது.

அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் பரவாயில்லை, எழுந்து நடக்க வைக்கிறது.

அஸர் தொழுதுவிட்டு ரிஸானாவைக் கூப்பிட்டேன். கட்டிலின் மற்றத் தலைப்பைப் பிடிக்கச் சொன்னேன். எங்கே என்று கேட்டாள். போத்தல் அறைக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிடித்தாள், நல்ல இறுக்கமாகவே.

ஜூலை 11, வெள்ளி

தலையிடி. ஃபோமலின் மணம், கண் எரிவு. இருந்தாலும் இதுதான் என் இடம். கட்டில், தொழுகைப் பாய், குர்ஆன், தண்ணீர்க் கூசா, 46 போத்தல், நான். வாசலில் பழைய சேலைத் திரை.

இரண்டு மணி. மூன்று சோடிச் செருப்புச் சத்தம். சாதிக் செருமினார்.

"நான் உள்ளுக்கு இருக்கிறன், மச்சான். இத்தா முடியும் மட்டும் எனக்கு இந்த அறைதான்."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். சாதிக் சிரிக்கவில்லை.

"இது என்ன வேல மச்சி?"

"பாண்காரன் முன்னால வரக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கு முன்னாலயும் வர ஏலாது. இத்தா எண்டா இத்தா."

செருப்புகள் திரும்பிப் போயின.

அதன்பிறகு நான்கு லேபல் எழுதினேன். எழுத்துக் கோணல். இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

46 லேபலும் சரி. காற்று இன்னும் குறையவில்லை. எஞ்சின் சாதிக் வீட்டு முற்றத்தில், தறப்பாளுக்குக் கீழே. என்னை ஏசுகிறாராம். ஏசட்டும்.

பதினொரு மணிக்கு நண்டு விற்கிற பிலோமினா குசினிப் பக்கமாக வந்தாள், வாளியோடு.

"நஸீர் அண்ணன் எல்லாரிட்டயும் சொல்லி வச்ச சாமான் இதானே, டீச்சர்? எங்கட வலையில வந்திச்சு."

ஈரல் துண்டு மாதிரி. உயிரோடு. கையில் எடுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு கை நனைந்தது கடல் தண்ணீரில். அது மையைக் கக்கியது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரை வெள்ளைச் சேலை ஊதா.

47வது போத்தலில் ஃபோமலினோடு போட்டு மெழுகால் மூடினேன். மற்ற 46 லேபலிலும் எடுத்தவர் நஸீர். இதில்:

47. கடல் முயல். மீன் அல்ல.
எடுத்தவர்: பிலோமினா.
சொல்லி வைத்தவர்: நஸீர்.

இத்தாச் சேலையில் நிறமா, ஊர் என்ன கதைக்கும் என்று ரிஸானா சவர்க்காரத்தோடு ஓடிவந்தாள். சவர்க்காரத்தை வாங்கி, கறை இருக்கட்டும் என்று அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.