பொய்க் காற்று

கொன்ஸ்தான்ட்சா
மார்ச் 3

என் சொரினாவுக்கு,

நலம்தானே? இங்கே கடற்காற்று ஆளையே தூக்குகிறது. காற்றாலைக் கம்பெனியில் எனக்குத் தனி அறை கொடுத்துவிட்டார்கள். நாளை எந்த மின்பாதை நெரிசலில் திணறும் என்று புக்கரெஸ்ட்டில் உட்கார்ந்து கணித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது போதும். வந்துவிடு. போன கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபமா?

உன் ஒவிதியு

புக்கரெஸ்ட்
மார்ச் 11

அன்புள்ள ஒவிதியு,

கோபமில்லை, வேலை. காற்று மின்சாரத்தை மின்பாதை தாங்காது, நெரிசல் வரும் என்று நான் கணித்தால், உங்கள் ஆலைகளுக்குப் பணம் கொடுத்து நிறுத்துகிறோம். அதை ஈடுகட்ட மேற்கே நிலக்கரி உலையை மூட்டுகிறோம். ஞாயிறன்று அந்த உலைக்குப் பக்கத்தில் இருக்கும் உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். துவைத்துக் காயப்போட்ட விரிப்பெல்லாம் சாம்பல். "மூடியாச்சுன்னு பேண்டு வாசிச்சுக் கொண்டாடினாங்களே, இப்ப எதுக்குடி மறுபடி மூட்டுறாங்க?" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

ஒன்று கேட்கிறேன். காற்றே இல்லாத நாளுக்கும் உங்கள் கம்பெனி ஏராளமான உற்பத்தியை முன்கூட்டியே அறிவிக்கிறதே, ஏன்?

சொரினா

கொன்ஸ்தான்ட்சா
மார்ச் 16

என் அசட்டுப் பெண்ணே,

உனக்குமா புரியவில்லை? வராத காற்றை வரும் என்போம். உன் கணிப்பு நெரிசல் என்று அலறும். ஓடாத ஆலையை நிறுத்தச் சொல்லி நீங்களே பணம் தருவீர்கள். யோசனை என்னுடையது! "உன் பெண்டாட்டி நமக்குக் கறவை மாடுய்யா" என்று முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குக் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இனி இருமல் வராது.

முத்தங்களுடன், ஒவிதியு

புக்கரெஸ்ட்
மார்ச் 24

ஒவிதியு,

காற்று வீணாகக் கூடாது என்றுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். என் கணக்கை வைத்தே உன் அம்மாவின் நெஞ்சில் கரியை ஏற்றியிருக்கிறாய். அதற்கு மருந்தாக ஒரு பெட்டியையும் அனுப்பியிருக்கிறாய்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "சீ! அந்தப் பெட்டியைத் தெருவுல வைடி" என்றார். வைத்தேன். இப்போது அவர் என்னோடுதான் இருக்கிறார்.

நேற்று நீங்கள் அறிவித்த உற்பத்தியையும் உண்மையில் வீசிய காற்றையும் ஒப்பிட்டு மேலதிகாரியிடம் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார், அவருக்கு இது தெரியுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"யோசனையே அவரோடதுதான்" என்றேன்.

சொரினா