அடியில் வழிந்த குங்குமம்

அக்டோபர் 4, சனி

செட்டியார்பட்டி போய் வந்தேன். தறி பட்டறை முதலாளி விக்னேஷ்வரனின் விமானத்தில் கூலன்ட் மறுபடி குறைந்திருக்கிறது. போன வாரம் பாட்டிலில் கோடு வரை நானே ஊற்றினேன். ஊற்றினேனா? ஊற்றினேன். என்ஜின் சூட்டைத் தணிக்கும் அந்தச் சிவப்புத் திரவம் காற்றிலா போகும்?

கொட்டகை சகிக்கவில்லை. ஆயுத பூஜை முடிந்தும் யாரும் பெருக்கவில்லை. பொரி, வாழைப்பழத் தோல், நசுங்கிய எலுமிச்சை. அதற்கு நடுவில் இரண்டு பேர் உட்காரும் விமானம், மூக்கில் சந்தனப் பொட்டு. என்ஜின் அடியில்கூடக் குங்குமம் வழிந்து, அதில் எறும்பு மொய்க்கிறது. நான் மெக்கானிக்காக இருந்த விமானப்படையில் இப்படி ஒரு என்ஜினைக் காட்டியிருந்தால் தண்டனைதான். துடைக்கக் கை போனது. பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர்கள் சாமிக்கு வைத்தது. வேதக்காரன் வந்து அழித்தான் என்று பேச்சு வரும்.

12-ஆம் தேதி ஞாயிறு விக்னேஷ்வரனின் மகள் மிதுனாவின் பிறந்தநாள். அவளை ஏற்றிக்கொண்டு செண்பகத்தோப்பு மலைக்காட்டுக்கு மேலே ஒரு சுற்றாம். அங்கே என்ஜின் நின்றால் இறங்க ஒரு வயல் கிடையாது. மரம், பாறை.

அக்டோபர் 5, ஞாயிறு

வேதக்கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ரேடியேட்டரின் வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது, கசிவு இல்லை. என்ஜினுக்குள் கசிந்தால் ஆயில் பால்போல வெளுத்திருக்கும், வெளுக்கவில்லை. அப்புறம் எங்கே போகிறது? எனக்கு வயதாகிவிட்டதா?

அக்டோபர் 6, திங்கள்

பாட்டிலைத் திறந்தேன். மஞ்சள். சாம்பார்போல ஒரு மஞ்சள்.

விக்னேஷ்வரனின் டிரைவர் பால்ச்சாமியின் வேலை. முன்பு லாரி ஓட்டியவர். ஒளிக்கக்கூட இல்லை. “ஊசி ஓட்டைக்கு மஞ்சத்தூள் போட்டா அடைச்சுக்கிடும் சார். லோடு ஏத்திக்கிட்டு எம்புட்டு தூரம் போயிருக்கேன்,” என்றார். லாரி நின்றால் ஓரங்கட்டி டீ குடிக்கலாம். இது?

விக்னேஷ்வரன் சிரித்தார். தறி பட்டறையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். “பரவாயில்ல” என்றேன். சீ.

அக்டோபர் 7, செவ்வாய்

கூலன்ட் பாதையை நாள் முழுக்கக் கழுவினேன். சூடான தண்ணீர் விட்டு வடிக்க வடிக்க, குழந்தையின் பேதிபோல வந்துகொண்டே இருந்தது. பகல் சாப்பாட்டைத் தொட முடியவில்லை. மனைவி தேவகிருபை கட்டிக் கொடுத்தது எலுமிச்சை சாதம். அதே நிறம்.

அக்டோபர் 8, புதன்

விக்னேஷ்வரனின் தாயார் ஈஸ்வரி அம்மாள் கொட்டகைக்கு வந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், அடியில் வைத்த குங்குமத்தை மட்டும் துடைத்துக்கொள்ளட்டுமா என்று.

“கீழயா? நான் எங்கய்யா கீழ வச்சேன்? இந்த மூட்டு வலியில எனக்குக் குனியவே ஏலாது. மூக்குல ஒரு பொட்டு, றெக்கையில ஒரு பொட்டு, அம்புட்டுத்தான். துடைங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது.”

துடைத்தேன். தூள் இல்லை. பிசின்போல ஒட்டியது. காய்ந்த கூலன்ட்! எறும்பு வந்தது பொரிக்கு அல்ல, இந்தத் தித்திப்புக்கு.

சைக்கிள் பம்பால் கூலன்ட் பாதையில் அளவாகக் காற்று ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் பம்பில் ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளாம்ப்புக்குக் கீழே ஒரு துளி ஊறி நின்றது. கழற்றினால், கிளாம்ப் இறுக்கிய இடத்தில் ரப்பர் பாதி அறுந்திருக்கிறது. பால்ச்சாமி ஸ்பானர் போட்டு அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்.

ஆனால் யாரைச் சொல்ல? கசிவு என் மூக்குக்கு நேரே இருந்தது. நான் அதற்கு மரியாதை செய்துகொண்டு நின்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பெங்களூரிலிருந்து ஹோஸ் திங்களுக்குப் பிறகுதான் வரும். விக்னேஷ்வரன் கேட்பதாக இல்லை. “டிராக்டர் ஹோஸ் போட்டா என்ன சார்? ஒரே ஒரு சுத்து. பிள்ளைகிட்ட சொல்லியாச்சு.” பால்ச்சாமி துண்டு வெட்டியே கொண்டுவந்துவிட்டார்.

அந்தச் சூட்டுக்கு அது தாங்காது, இளகிப் பிதுங்கும். சொல்ல வேண்டியது அது. சொன்னது, “பாக்கலாம்.”

பாக்கலாம்! இத்தனை வருட என்ஜின் படிப்புக்கு வாயில் வந்த வார்த்தை.

அக்டோபர் 11, சனி

“ஏங்க, பையில என்னது கனக்கு?” என்று தேவகிருபை கேட்டாள். தண்ணீர் பம்பின் அலுமினிய வளைகுழாய். அது இல்லாமல் எந்த ஹோஸையும் மாட்ட முடியாது. யாரிடமும் சொல்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீடு வரும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

இது திருட்டு இல்லையா என்றாள். தெரியவில்லை என்றேன். வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடிவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது விக்னேஷ்வரனின் கார் வந்து நின்றது. பின்சீட்டில் அந்தப் பிள்ளை, புதுச் சட்டை, அழுத முகம்.

“எங்க சாமானைத் தூக்கிட்டு வந்துட்டீயளே, நல்லாருக்கா சார்? படிச்சவுக செய்ற வேலையா இது?”

பிள்ளையைப் பார்த்தேன். “புது ஹோஸ் வரட்டும், நானே மாட்டுதேன். அதுவரைக்கும் குடுக்க மாட்டேன்,” என்றேன். நான்தான் சொன்னேனா?

போலீசுக்குப் போவேன் என்றார். “போங்க,” என்றது நான் இல்லை. தேவகிருபை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஹோஸ் வந்தது. வளைகுழாயில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு மாட்டினேன். கிளாம்ப்பை அளவோடு இறுக்கினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறையும். தரையிலேயே என்ஜினை ஓடவிட்டு அடியில் வெள்ளைத் துண்டு விரித்தேன். சொட்டு இல்லை. பால்ச்சாமி டார்ச் பிடித்தார். விக்னேஷ்வரன் வரவில்லை.

அக்டோபர் 18, சனி

விக்னேஷ்வரன் இன்று மகளை விமானத்தில் அழைத்துப் போகிறார் என்று பால்ச்சாமி போன் செய்ததால் காலையிலேயே போனேன். என்ஜின் மூடியைக் கழற்றினால், புதுக் கிளாம்ப்பின்மேல் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். பால்ச்சாமி வேறு பக்கம் பார்த்தார்.

துணி எடுத்துத் துடைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. விக்னேஷ்வரன் பார்த்துக்கொண்டே நின்றார்; பிறகு குனிந்து மிதுனாவுக்கு பெல்ட்டை மாட்டினார்.

“இனி மூக்குல மட்டும் வைக்கேன் சார்,” என்றார் பால்ச்சாமி.

விமானம் மலைப்பக்கம் போய்ச் சத்தம் தேய்ந்து, திரும்ப வந்தது. அவர்கள் இறங்கிப் போன பிறகு அதே இடத்தை இன்னொரு முறை துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

விக்னேஷ்வரன் இன்னும் என்னோடு பேசவில்லை. கையில் மஞ்சள் நாற்றம் போகவில்லை.